உட்படு சார்பும் தொடுகோடும்: தமிழ்வழிக் கணித உரைநடையில் காரணம் கூறும் மரபு – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

வளைவரை ஒன்றிற்கு உட்படு வகையிடல் வழியாகத் தொடுகோடு காணும் முறை, தமிழ்நாட்டு மேல்நிலைக் கணிதப் பாடத்தில் நெடுங்காலமாக இடம்பெற்று வருகிறது. இம்முறையைத் தமிழில் விளக்கும்போது செயல்விதி முன்னிற்கிறது. அவ்விதி எப்போது செல்லும், எப்போது செல்லாது எனக் கூறும் வாக்கியங்கள் பின்தள்ளப்படுகின்றன. இக்கட்டுரை 'தொடுகோடு', 'உட்படு சார்பு' ஆகிய கலைச்சொற்களின் பொருட்பரப்பையும், பாட வைப்புமுறையையும், வட்டம், தெக்கார்த்தின் இலைவளைவரை, பெர்னூலியின் எட்டுவடிவ வளைவரை ஆகிய எடுத்துக்காட்டுகளையும் கொண்டு அக்குறையை ஆராய்கிறது. புவனகிரி, சிதம்பரம் பகுதித் தெருக்களில் வரையப்படும் சிக்குக் கோலத்தின் வெட்டுப்புள்ளி, இவ்விதி செயலிழக்கும் இடத்தை விளக்கத் தக்க சான்றாகக் கொள்ளப்படுகிறது. கலைச்சொல் பெருக்கத்தினும் காரணம் கூறும் உரைநடையே தமிழ்வழிக் கணிதத்தின் உடனடித் தேவை என்பது கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: தொடுகோடு, உட்படு சார்பு, வகையிடல், கலைச்சொல்லாக்கம், சிக்குக் கோலம், தமிழ்வழிக் கல்வி.

1. முன்னுரை

தமிழில் அறிவியல் எழுதுதல் பற்றிய விவாதம் பெரும்பாலும் கலைச்சொற்களைச் சுற்றியே நிகழ்ந்துள்ளது. ஒரு பிறமொழிச் சொல்லுக்கு நிகரான தமிழ்ச் சொல் கிடைத்துவிட்டால் அக்கருத்து தமிழுக்கு வந்துவிட்டது என்னும் நம்பிக்கை அவ்விவாதத்தின் அடியில் உள்ளது. கணிதத்தில் இந்நம்பிக்கை எளிதில் சோதனைக்கு உள்ளாகும். கணிதக் கருத்து ஒன்று சொல்லில் மட்டும் இல்லை. அச்சொல்லைத் தாங்கும் நிபந்தனை வாக்கியங்களில் உள்ளது. 'ஆனால்', 'எனில்', 'அல்லாதவிடத்து' போன்ற இடைச்சொற்களும் எச்சங்களும் கணிதப் பொருளின் பாதியைச் சுமக்கின்றன.

இவ்வுண்மையைச் சோதிக்க உட்படு வகையிடல் ஏற்ற களமாகும். குறியீடுகளை மட்டும் கையாண்டு விடை பெற்றுவிடக்கூடிய பகுதி இது. விடை சரியாக இருக்கும்போதே பொருள் முற்றிலும் தவறாக இருக்கவும் இதில் வாய்ப்புண்டு. கடலூர் மாவட்டத்தின் புவனகிரி போன்ற ஊரில் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் கற்கும் மாணவர், வெள்ளாற்றைக் கடந்து சில கல் தொலைவிலுள்ள அண்ணாமலைநகருக்கோ வேறொரு கல்லூரிக்கோ செல்லும்போது கணிதத்தை ஆங்கிலத்தில் எதிர்கொள்கிறார். அவர் உடன்கொண்டு செல்வது விதியையா, விதியின் காரணத்தையா என்பதே வினா. சொற்களை மாற்றிக்கொள்வது சில வாரப் பயிற்சி. காரணம் தாய்மொழியில் கிடைக்காமற்போயிருந்தால், அதனைப் புதிய மொழியில் முதன்முறையாகப் பெறுவது பெரும்பாடாகும்.

குறியீடு பற்றி ஒரு சொல். இக்கட்டுரையில் கிடையளவு 'ப' எனவும், குத்தளவு 'ம' எனவும், ப-ஐப் பொறுத்த ம-இன் வகைக்கெழு ம′ எனவும் குறிக்கப்படும். க, ச முதலிய எழுத்துகள் தமிழ் எண் வடிவங்களோடு மயங்கும் என்பதால் அவை தவிர்க்கப்பட்டன.

2. அண்ணாமலைநகரும் இரு மரபுகளும்

1920இல் சிதம்பரத்தில் தொடங்கப்பட்ட மீனாட்சி கல்லூரியின் வளர்ச்சியாக 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. அதன் தொடக்க ஆண்டுகளில் கணிதத் துறையில் வடிவியல் அறிஞர் ஆ. நரசிங்கராவும், எண்ணியல் அறிஞர் எஸ். எஸ். பிள்ளை எனப்பட்ட சிவசங்கரநாராயண பிள்ளையும் பணியாற்றினர். வாரிங் கணக்கில் பிள்ளை பெற்ற முடிவுகள் 1930களில் உலகக் கவனத்தைப் பெற்றவை. இந்தியக் கணிதக் கழகம் 1933இல் மாணவர்க்கெனத் தொடங்கிய 'மேத்தமேட்டிக்ஸ் ஸ்டூடண்ட்' இதழின் முதல் ஆசிரியர் நரசிங்கராவே. கணிதத்தை விளக்கிச் சொல்வதும் கணிதப் பணியே என்னும் எண்ணத்திற்கு அவ்விதழ் சான்று. அதன் மொழி ஆங்கிலம்.

அதே பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக 1931இல் பொறுப்பேற்ற விபுலானந்தர் அறிவியல் பட்டமும் பெற்றவர். பின்னர்ச் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தின் சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கினார். அப்பணியின் பயனாக 1938இல் 'கலைச்சொற்கள்' தொகுதி வெளிவந்தது. தமிழ் அறிவியல் வரலாற்றில் அதன் பங்கு பெரிது. ஆயினும் அதன் வடிவம் பட்டியல் என்பதைத் திறனாய்வாளர் மறத்தலாகாது. ஒருபுறம் காரணம் விளக்கும் உரைநடை ஆங்கிலத்தில் வளர்ந்தது. மறுபுறம் தமிழில் சொற்பட்டியல் வளர்ந்தது. இவ்விரண்டும் கலந்து, காரணம் விளக்கும் தமிழ் உரைநடையாக வளர்வது இன்றும் முழுமை பெறவில்லை.

இந்நிலை தென்னிந்திய மொழிகளுக்கு இயல்பானது என்று கொள்ளவும் இயலாது. ஏறத்தாழ 1530ஆம் ஆண்டளவில் சேட்டதேவர் இயற்றிய 'யுக்திபாஷா' மலையாள உரைநடையில் அமைந்தது. மாதவர் மரபின் முடிவிலாத் தொடர்களுக்கான காரணங்களை அது படிப்படியாகக் கூறுகிறது. தமிழில் காரிநாயனாரின் 'கணக்கதிகாரம்' வட்டத்தின் பரப்பைச் சுற்றளவின் பாதியையும் விட்டத்தின் பாதியையும் பெருக்கிக் காணும் விதியைச் செய்யுளில் தருகிறது. விதி சரியானது, அது ஏன் சரி என்பது நூலின் நோக்கமன்று. மனத்திருத்தலுக்கு உரிய செய்யுள் மரபின் இயல்பு அது. இன்றைய பாடநூல் உரைநடையில் எழுதப்பட்டாலும், அதன் உள்ளியல்பு பல இடங்களில் செய்யுள் விதியின் இயல்பாகவே நின்றுவிடுகிறது.

3. 'தொடுகோடு' என்னும் சொல்

'தொடுகோடு' வினைத்தொகை. தொட்ட கோடு, தொடுகின்ற கோடு, தொடும் கோடு என முக்காலத்திற்கும் விரியும். இலங்கைத் தமிழ்ப் பாட மரபில் இதனையே 'தொடலி' என்பர். செங்கோட்டைச் 'செவ்வன்' என்பர். சாய்வைப் 'படித்திறன்' என்பர். எந்தச் சொல்லைக் கொண்டாலும் தொடுதல் என்னும் பொருளே முன்னிற்கிறது.

அப்பொருள் யூக்ளிடின் வட்ட வடிவியலுக்குப் பொருந்தும். வட்டத்தைச் சந்தித்தும் அதனை வெட்டாது செல்லும் கோடு தொடுகோடு என்பது அவர்தம் வரையறை. நுண்கணிதத்தில் இவ்வரையறை நில்லாது. ம = ப³ என்னும் வளைவரைக்கு ஆதிப்புள்ளியில் கிடை அச்சே தொடுகோடு. அக்கோடு வளைவரையை அதே புள்ளியில் கடந்து செல்கிறது. அவ்வளைவரைக்கு (1, 1) என்னும் புள்ளியில் வரையப்படும் தொடுகோடு ம = 3ப − 2. அது (−2, −8) என்னும் புள்ளியில் வளைவரையை மீண்டும் வெட்டுகிறது. 'தொடும், வெட்டாது' எனப் பத்தாம் வகுப்பு வரை வட்டத்தைக் கொண்டு பழகிய மாணவர்க்கு இவ்விரு எடுத்துக்காட்டுகளும் முரணாகத் தோன்றும்.

நுண்கணிதத் தொடுகோடு, வெட்டுக்கோட்டின் எல்லை நிலை. வளைவரையின் ஒரு புள்ளியை நிலையாக வைத்து, மற்றொரு புள்ளியை அதனை நோக்கி நகர்த்தினால், இரண்டையும் இணைக்கும் வெட்டுக்கோடு எந்தக் கோட்டை அணுகுகிறதோ அதுவே தொடுகோடு. இங்கு உள்ளது நகர்வு, அணுகுதல், காலத்தின் சாயல். வினைத்தொகை காலத்தைக் கரந்து நிற்பது. இச்சொல்லை வகுப்பறையில் விரித்துக் காட்டும் ஆசிரியர், வெட்டும் கோடு தொடும் கோடாக ஆவதை மொழியின் வழியாகவே உணர்த்த இயலும். ஆகவே குறை சொல்லில் இல்லை. சொல்லை விரிக்காமல் விடுவதில் உள்ளது.

4. 'உட்படு சார்பு': பெயரும் பொருளும்

ம = 3ப − 2 என்பதில் ம தனித்து வெளிப்பட்டு நிற்கிறது; இது வெளிப்படு சார்பு. ப² + ம² = 25 என்பதில் ம அவ்வாறு பிரிந்து நிற்கவில்லை; இது உட்படு சார்பு எனப்படும். பிறமொழிக் கலைச்சொற்களின் இலத்தீன் வேர்கள் முறையே 'மடிப்பு அவிழ்க்கப்பட்டது', 'உள்ளே மடிக்கப்பட்டது' என்னும் பொருளுடையன. 'வெளிப்படு' அதற்கு இணங்கும். 'உட்படு' அவ்வளவு இணங்காது. சட்டத்திற்கு உட்பட்டு, எல்லைக்கு உட்பட்டு என்னும் வழக்குகளில் அச்சொல் கட்டுப்படுதலையும் அடங்குதலையும் குறிக்கிறது. மாணவர் செவியில் ம என்பது ஏதோ ஒரு விதிக்குக் கட்டுப்பட்டது என்னும் பொருளே ஒலிக்கும். மறைந்துள்ளது என்னும் பொருள் ஒலிக்காது.

தமிழ் இலக்கணிகள் இத்தகைய மறைவுக்கு உரிய சொல்லை முன்பே கொண்டிருந்தனர். தொல்காப்பியம் கூறும் உள்ளுறை உவமத்தில் புலவர் கூறக் கருதிய பொருள் வெளிப்படச் சொல்லப்படுவதில்லை. சொல்லப்பட்ட கருப்பொருளின் அமைப்பிலிருந்து அது உய்த்துணரப்படுகிறது. 'உள்ளுறைச் சார்பு' என்னும் பெயர் மூலப்பொருளை நெருங்கி நிற்கும் எனத் தமிழாய்வாளர் ஒருவர் கருதின் அது பிழையாகாது. எனினும் இவ்வொப்புமைக்கு வரம்பு உண்டு. உள்ளுறையை உணர்தல் கேட்போரின் தகுதியைச் சார்ந்தது. சமன்பாட்டில் உறைந்துள்ள சார்பு உண்டா இல்லையா என்பது படிப்போரைச் சாராது, கணித நிபந்தனையைச் சார்ந்தது. வழக்கில் நிலைபெற்ற சொல்லை மாற்றுவது மேலும் ஒரு குழப்பத்திற்கே இடமளிக்கும். வேண்டுவது பெயர்மாற்றமன்று; 'உள்ளே உறைந்துள்ளது எது, அது உறைந்துள்ளது என எவ்வாறு அறிவது' என்னும் வினாவைப் பாடம் எழுப்ப வேண்டும் என்பதே.

5. விதியும் அதன் காரணமும்

வட்டம் ப² + ம² = 25ஐக் கொள்ளலாம். புள்ளி (3, 4). வழக்கமான முறைப்படி இருபுறமும் ப-ஐப் பொறுத்து வகையிட, 2ப + 2ம·ம′ = 0. எனவே ம′ = −ப/ம. அப்புள்ளியில் சாய்வு −3/4. தொடுகோடு 3ப + 4ம = 25. விடை சரி.

இதில் 'இருபுறமும் வகையிட' என்னும் தொடரே ஆராயத்தக்கது. சமன்பாடு எதனையும் இருபுறமும் வகையிட்டுவிடலாமா? ப² = 4 என்னும் சமன்பாட்டை அவ்வாறு வகையிட்டால் 2ப = 0 எனக் கிடைக்கும்; ப சுழியம் என்னும் பொய்யான முடிவு பெறப்படும். பிழை எங்கே? ப² = 4 என்பது 2, −2 ஆகிய இரு தனி மதிப்புகளுக்கு மட்டும் உண்மையாவது. வகையிடல் ஒரு புள்ளியின் அண்மையிலுள்ள எல்லா மதிப்புகளையும் வேண்டுவது. ஓர் இடைவெளி முழுவதும் சமமாக உள்ள இரு சார்புகளுக்கே வகைக்கெழுக்களும் சமமாகும்.

வட்டத்தில் இது ஏன் செல்லுகிறது? (3, 4)இன் அண்மையில் ம என்பது ப-இன் வகையிடத்தக்க சார்பாக உறைந்துள்ளது. அதனைச் சமன்பாட்டில் பதிலிட்டால், சமன்பாடு ஓர் இடைவெளி முழுவதும் உண்மையான முற்றொருமையாகிறது. முற்றொருமையை வகையிடலாம். ம² ஐ வகையிடும்போது 2ம·ம′ என வருவதும் சங்கிலி விதியால். ம என்பது தனி மாறியன்று, ப-ஐச் சார்ந்தது என்பதால். இந்த ஒரு பத்தி இல்லாவிடின் ம′ என்னும் உறுப்பு எங்கிருந்து வந்தது என்பது மாணவர்க்கு மந்திரமாகவே நிற்கும்.

காரணம் இன்றி விதி மட்டும் நிற்கும்போது நேர்வதை மற்றொரு சமன்பாடு தெளிவாகக் காட்டும். ப² + ம² + 1 = 0 என்பதை விதிப்படி வகையிட்டால் ம′ = −ப/ம என்னும் விடை வரும். 'வகைக்கெழு காண்க' என்னும் தேர்வு வினாவிற்கு இது முழு மதிப்பெண் பெறத்தக்க விடையின் வடிவமே. ஆனால் அச்சமன்பாட்டை நிறைவு செய்யும் மெய்ப்புள்ளி ஒன்றுமில்லை. வளைவரை இல்லை; சார்பு இல்லை; தொடுகோடும் இல்லை. கணக்கு மட்டும் இருக்கிறது. கணிதத்தின் மொழி குறியீடே, எந்த மொழியில் கற்பித்தாலென்ன என்பாரின் வாதத்திற்கு இவ்வெடுத்துக்காட்டு விடையாகும். இங்குக் குறியீடுகள் பிழையின்றி நகர்ந்தன. பிழையைத் தடுத்திருக்கக் கூடியது ஒரு வாக்கியம்: 'புள்ளி வளைவரையின்மேல் உள்ளதா எனக் காண்க'.

6. வரலாறும் பாட வைப்புமுறையும்

இன்றைய பாடத்தில் சார்பு முதலில் வருகிறது. உட்படு சார்பு அதன் ஒரு கடினமான வகையாகப் பின்னர் வருகிறது. வரலாற்றில் நிகழ்ந்தது இதற்கு மாறானது. 1637இல் தெக்கார்த்து வெளியிட்ட வடிவியல் நூலில் வளைவரை என்பது இரு மாறிகளுக்கு இடையிலான சமன்பாடு. 1638இல் அவர் இன்று இலைவளைவரை எனப்படும் வளைவரையை முன்வைத்து, அதன் தொடுகோட்டைக் காணுமாறு பெர்மாவுக்கு அறைகூவல் விடுத்தார். பெர்மா அதனைக் கண்டார். 1673இல் சுலூசு வெளியிட்ட விதி, இருமாறிப் பல்லுறுப்புக் கோவைச் சமன்பாடுகளுக்கு உறுப்புகளைக் கொண்டே தொடுகோடு காணும் வழியைத் தந்தது. லைப்னிட்சின் 1684ஆம் ஆண்டுக் கட்டுரை தொடுகோட்டைத் தலைப்பிலேயே கொண்டது. சார்பு என்னும் கருத்து தெளிவான வடிவம் பெற்றது பதினெட்டாம் நூற்றாண்டில்தான். ஆகவே மடிப்பு அவிழாத சமன்பாடே முன்னது. மடிப்பு அவிழ்ந்த சார்பு பின்னது.

தமிழ்நாட்டு மேல்நிலைப் பாடத்தில் இக்கருத்து மூன்று இடங்களில் பிரிந்துள்ளது. உட்படு வகையிடல் பதினொன்றாம் வகுப்பின் வகையிடல் முறைகளில் ஒன்றாக வருகிறது. கூம்பு வெட்டுகளின் தொடுகோடுகள் பன்னிரண்டாம் வகுப்பின் பகுமுறை வடிவியலில் வருகின்றன. தொடுகோடும் செங்கோடும் அதே வகுப்பின் வகை நுண்கணிதப் பயன்பாடுகளில் மீண்டும் வருகின்றன. முறை ஓரிடத்திலும் அதன் பயன் வேறிடத்திலும் இருப்பதால், முறை எதற்காகத் தோன்றியது என்பது மறைந்துவிடுகிறது.

இப்பிரிவால் நேரும் இழப்புக்கு ஒரு சான்று போதும். இரண்டாம் படிச் சமன்பாட்டின் தொடுகோட்டுக்கு ப² வரும் இடத்தில் ப·ப₁ எனவும், ம² வரும் இடத்தில் ம·ம₁ எனவும், 2ப வரும் இடத்தில் ப + ப₁ எனவும் எழுதும் குறுக்குவழியை மாணவர் மனப்பாடம் செய்வர். உட்படு வகையிடலால் சாய்வைக் கண்டு, புள்ளி–சாய்வு வடிவில் கோட்டை எழுதி, (ப₁, ம₁) வளைவரையின்மேல் உள்ளது என்பதைப் பயன்படுத்திச் சுருக்கினால் அக்குறுக்குவழி தானே வந்துவிடும். வட்டம், பரவளையம், நீள்வட்டம், அதிபரவளையம் ஆகிய நான்கிற்கும் நான்கு சூத்திரங்கள் தேவையில்லை. ஒரு காரணம் போதும்.

7. இலைவளைவரை: எந்த ம?

உட்படு வகையிடலின் உண்மையான தேவையை வட்டம் காட்டாது. வட்டத்தில் ம-ஐப் பிரித்தெடுத்தும் வகையிட முடியும். தெக்கார்த்தின் வளைவரை ப³ + ம³ = 6ப·ம அத்தகையது அன்று. ம-ஐப் பிரிக்க மூன்றாம் படிச் சமன்பாட்டைத் தீர்க்க வேண்டும். உட்படு முறையிலோ, இருபுறமும் வகையிட்டு ஒழுங்குபடுத்தினால் ம′ = (2ம − ப²) / (ம² − 2ப) என எளிதில் கிடைக்கிறது. (3, 3)இல் சாய்வு −1; தொடுகோடு ப + ம = 6.

இங்கு ஒரு வினா எழ வேண்டும். விடையில் ப மட்டுமன்றி ம-உம் ஏன் உள்ளது? ப = 3 எனக் கொண்டால் ம³ − 18ம + 27 = 0. இதற்கு ம = 3 ஒரு தீர்வு. மற்ற இரண்டும் ம² + 3ம − 9 = 0 என்பதிலிருந்து தோராயமாக 1.85, −4.85 என வருகின்றன. ஒரே கிடையளவில் வளைவரை மூன்று இடங்களில் செல்கிறது. அவ்விடங்களில் சாய்வுகள் முறையே −1, 2.07, −1.07. வெள்ளாறு போன்ற ஆறு வளைந்து வளைந்து கடல் நோக்கிச் செல்லும்போது, வடக்குத் தெற்காக வரையப்படும் ஒரே கோட்டை ஒன்றுக்கு மேற்பட்ட முறை கடக்கக்கூடும். ஆற்றின் போக்கை அறிய எந்தக் கோடு என்பது மட்டும் போதாது. அக்கோட்டில் எந்த இடம் என்பதும் வேண்டும். விடையில் ம நிற்பதன் பொருள் இதுவே.

மூன்று சாய்வுகளின் கூட்டுத்தொகை சுழியமாவது தற்செயலன்று. மூன்றாம் படிச் சமன்பாட்டில் ம² உறுப்பு இல்லாமையால், எந்த ப-க்கும் மூன்று ம-களின் கூட்டுத்தொகை சுழியம். மாறாத கூட்டுத்தொகையின் வகைக்கெழுவும் சுழியம். காரணம் அறிந்தவர்க்கு விடையைச் சரிபார்க்கும் வழி இவ்வாறு உள்ளிருந்தே கிடைக்கிறது.

8. சிக்குக் கோலத்தின் வெட்டுப்புள்ளி

இலைவளைவரையின் சாய்வுக் கோவையில் ப = 0, ம = 0 எனப் பதிலிட்டால் சுழியத்தின்கீழ் சுழியம் வருகிறது. விதி இங்குச் செயலற்றுப் போகிறது. பாட எடுத்துக்காட்டுகள் பொதுவாக இத்தகைய புள்ளிகளைத் தவிர்த்துவிடும். தவிர்க்கத்தக்கதன்று இவ்விடம், கருத்து முழுமையுறுவது இங்கேதான்.

மார்கழியில் புவனகிரி, சிதம்பரம் பகுதித் தெருக்களில் வாசல்தோறும் சிக்குக் கோலத்தைக் காணலாம். புள்ளிகளை வைத்து, அவற்றைச் சுற்றி இழை வளைந்து, தன்னைத்தானே கடந்து செல்லும் கோலம் அது. கம்பிக் கோலம், நெளிக் கோலம் எனவும் வழங்கும். சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974இல் கோலத்தை அணி இலக்கணங்களின் வழி ஆராய்ந்து, கணினியியலில் அதற்கு இடம் தேடித் தந்தனர். அவ்வாய்வு கோலத்தின் அமைப்பு விதிகளைப் பற்றியது. இங்குக் கருதப்படுவது இழையின் திசை.

இரண்டே புள்ளிகளை ஒரே இழையால் சுற்றினால் எட்டு வடிவம் வரும். 1694இல் யாக்கோபு பெர்னூலி ஆராய்ந்த வளைவரை இவ்வடிவினது. (ப² + ம²)² = 2(ப² − ம²) எனக் கொண்டால், அதன் இரு குவியங்கள் (1, 0), (−1, 0). கோலத்தின் இரு புள்ளிகளைப் போலவே அவை கண்ணிக்கு ஒன்றாக உள்ளே அமைகின்றன. உட்படு வகையிடலால்

ம′ = ப(1 − ப² − ம²) / [ம(1 + ப² + ம²)]

எனப் பெறலாம். இழை கிடையாகத் திரும்பும் இடங்கள் ப² + ம² = 1 ஆகும் இடங்கள்; வளைவரைச் சமன்பாட்டோடு சேர்த்துத் தீர்க்க, ப² = 3/4, ம² = 1/4. ஆகவே இழையின் மேல்விளிம்பு 1/2 உயரத்திலும் கீழ்விளிம்பு −1/2 உயரத்திலும் அமையும்.

ஆதிப்புள்ளியிலோ மீண்டும் சுழியத்தின்கீழ் சுழியம். கோலம் இடுபவர் இவ்விடத்தில் தயங்குவதில்லை. இழை ஒரு திசையில் வந்து கடக்கிறது. சுற்றி வந்து மற்றொரு திசையில் கடக்கிறது. ஒரு புள்ளியில் இரண்டு திசைகள், இரண்டு தொடுகோடுகள். 'இப்புள்ளியின் சாய்வு யாது' எனும் வினாவிற்கு ஒரே விடை இல்லாமையால்தான் விதி ஒரு விடையைத் தர மறுக்கிறது. சுழியத்தின்கீழ் சுழியம் விதியின் தோல்வியன்று. வினாவின் பிழையை அறிவிக்கும் குறி.

இரு திசைகளையும் காணும் வழியும் எளிது. ஆதிப்புள்ளிக்கு மிக அண்மையில் உயர்படி உறுப்புகள் புறக்கணிக்கத்தக்க அளவு சிறியன. மீதமுள்ள தாழ்படி உறுப்புகளைச் சுழியத்திற்குச் சமப்படுத்தினால் 2(ப² − ம²) = 0; ம = ப, ம = −ப என்னும் இரு கோடுகள். கோல இழை இரு புள்ளிகளின் நடுவில் குறுக்குமறுக்காகச் செங்கோணத்தில் வெட்டிக்கொள்வது இதுவே. இலைவளைவரையில் தாழ்படி உறுப்பு 6ப·ம மட்டுமே; எனவே இரு அச்சுகளும் அதன் தொடுகோடுகள். எல்லா இடங்களிலும் இரண்டு கோடுகள் கிடைத்துவிடும் எனவும் கொள்ளலாகாது. ம² = ப³ என்னும் வளைவரையில் இரு கோடுகளும் ஒன்றாகிக் கூர்முனை உண்டாகிறது. ம² = ப³ − ப² என்பதில் ஆதிப்புள்ளி வளைவரையிலிருந்து விலகித் தனித்து நிற்கிறது; அங்கு மெய்க்கோடு எதுவுமில்லை.

9. உரைநடைக்குரிய மாற்றம்

மேற்கண்டவற்றிலிருந்து தமிழ்ப் பாட உரைநடையில் இடம்பெற வேண்டிய வாக்கியங்களைத் தொகுக்கலாம். முதலாவது, கொடுக்கப்பட்ட புள்ளி வளைவரையின்மேல் உள்ளதா எனச் சோதித்தல். இரண்டாவது, ம-ஐப் பொறுத்த பகுதி வகைக்கெழு அப்புள்ளியில் சுழியமல்லாதிருந்தால், அண்மையில் ம ப-இன் சார்பாக உறைந்துள்ளது எனக் கூறல். பல்லுறுப்புக் கோவைச் சமன்பாடுகளுக்கு இந்நிபந்தனை போதுமானது. மூன்றாவது, அது சுழியமாகி, ப-ஐப் பொறுத்தது சுழியமாகாதிருந்தால், பங்குகளை மாற்றிக்கொள்ளல். வட்டத்தில் (5, 0) என்னும் புள்ளியில் −ப/ம என்பதற்குப் பொருளில்லை; ஆனால் ப = 5 என்னும் நிலைக்குத்துத் தொடுகோடு உள்ளது. நான்காவது, இரண்டும் சுழியமாயின் சாய்வைத் தேடாது தாழ்படி உறுப்புகளை நோக்கல்.

தொடுகோட்டைச் சாய்வின் வழியன்றி, இரு பகுதி வகைக்கெழுக்களை முறையே (ப − ப₁), (ம − ம₁) ஆகியவற்றோடு பெருக்கிக் கூட்டிச் சுழியத்திற்குச் சமப்படுத்தும் வடிவில் எழுதினால், முதல் மூன்று நிலைகளும் ஒன்றாகிவிடும். வகுத்தல் இல்லாமையால் நிலைக்குத்துக் கோட்டிற்குத் தனி விதி வேண்டியதில்லை. (5, 0)இல் 10(ப − 5) + 0(ம − 0) = 0 என்பது ப = 5 என்பதையே தரும்.

இவ்வாக்கியங்கள் பாடச் சுமையைக் கூட்டும் என்னும் மறுப்பு எழலாம். பகுதி வகைக்கெழு என்னும் பெயரைப் பதினொன்றாம் வகுப்பில் கூற வேண்டியதில்லை. 'விடையின் பகுதி சுழியமாகாத இடத்தில்' என்றாலே போதும். கூடுவது இரண்டு மூன்று வரிகள். குறைவது நான்கு கூம்பு வெட்டுகளுக்கான தனித்தனிச் சூத்திரங்கள். தேர்வு வினாவும் 'வகைக்கெழு காண்க' என்பதோடு நில்லாமல், 'இவ்விடையால் தொடுகோடு காண இயலாத புள்ளிகளைக் கூறுக' எனத் தொடருமாயின், ஆசிரியர் கற்பிக்கும் முறையும் அதற்கேற்ப மாறும்.

10. முடிவுரை

'தொடுகோடு', 'உட்படு சார்பு' ஆகிய கலைச்சொற்கள் வழக்கில் நிலைபெற்றவை. அவற்றை மாற்றுதல் இன்றியமையாததன்று. முன்னதன் வினைத்தொகை இயல்பும், பின்னதற்கு இணையான உள்ளுறைக் கருத்தும், தமிழ் அறிந்த ஆசிரியர்க்குக் கணிதம் விளக்கும் கருவிகளாகக் கிடைக்கின்றன. குறை, விதிக்கும் சொல்லுக்கும் இடையே இருக்க வேண்டிய காரண வாக்கியங்களில் உள்ளது. ப² + ம² + 1 = 0 என்னும் வெற்றுச் சமன்பாட்டிற்குப் பிழையற்ற விடை எழுதத்தக்க கல்வி, மொழியால் நேர்ந்த குறைபாட்டைக் கணிதத்தின் எளிமை என மயங்குகிறது.

தமிழ்வழிக் கல்வி பற்றிய ஐயம் எழும்போதெல்லாம் சொற்களின் போதாமையே சுட்டப்படுகிறது. இத்திறனாய்வு காட்டுவது வேறு. சொற்கள் உள்ளன, உவமைக்குச் சிக்குக் கோலமும் வெள்ளாறும் உள்ளன, நிபந்தனையைத் துல்லியமாகக் கூறும் எச்சங்களும் இடைச்சொற்களும் மொழியில் நிறைந்துள்ளன. காரணத்தைத் தமிழில் பெற்றுச் செல்லும் மாணவர்க்கு அண்ணாமலைநகரின் வகுப்பறையில் புதிதாக அமைவது மொழி மட்டுமே. அவ்வாறு பெறாதவர்க்கு மொழி, கணிதம் இரண்டும் அங்குப் புதிது. தமிழ்வழிக் கணிதப் பாடநூலின் தரத்தை அளக்க அதிலுள்ள கலைச்சொற்களை எண்ணுவதினும், 'ஏன்' என்னும் வினாவிற்கு அது விடையளிக்கும் இடங்களை எண்ணுவதே பொருந்தும்.